'ஆன் த ஜாப்': திரையில் தெரிபவர்களும் திரைக்குப் பின்னால் நின்றவர்களும்

சிறையிலிருந்து ரகசியமாக வெளியே அனுப்பப்பட்டு, சொன்ன ஆளைக் கொன்றுவிட்டு, மறுபடியும் அதே சிறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் இரண்டு கைதிகளைப் பற்றிய பிலிப்பைன்ஸ் படம் ஒன்றைப் பார்த்ததாகவும், அதில் நடித்தவர்கள், அதை எடுத்தவர்கள் எல்லாம் யார் என்று அறிய விரும்புவதாகவும், குறிப்பாக அந்த வயதான கொலையாளியாக வருபவரின் வேறு படங்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது எரிக் மாட்டி இயக்கத்தில் 2013-இல் வெளிவந்த 'ஆன் த ஜாப்'. பெயர்ப் பட்டியலை மட்டும் தந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நமக்கு இந்தப் படத்தில் வருபவை அறிமுகமில்லாத முகங்கள். பிலிப்பைன்ஸ் மக்களுக்கோ அவற்றில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக வீட்டுத் தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் பழகிய முகங்கள். அந்தப் பழக்கத்தைத் தெரிந்தே பயன்படுத்தியும், வேண்டிய இடத்தில் தலைகீழாகப் புரட்டியும்தான் இதன் நடிகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள். யார் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் ஆழமாக இறங்கும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டியோடு படப்பிடிப்பில் வேலை செய்த, முன்பு சிறையில் இருந்து வந்த ஒருவர், கொலை செய்வதற்காகவே தம்மைத் தற்காலிகமாக வெளியே விட்டு, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். சிறையில் இருப்பவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவன் அங்கேயே இருந்தான் என்பதற்கு அரசாங்கப் பதிவேடே சாட்சி. அந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு மாட்டியும் எழுத்தாளர் மிச்சிகோ யாமாமோட்டோவும் திரைக்கதையை வளர்த்தார்கள். 2010-இல் ஸ்டார் சினிமா நிறுவனத்திடம் இதைக் கொண்டு போனபோது, காதல் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்துப் பழகிய தங்களுக்கு இது அளவு மீறிய வன்முறை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஸ்டார் சினிமா என்பது ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சிக் குழுமத்தின் திரைப்படப் பிரிவு. நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் பலர் அந்தக் குழுமத்தின் கையில் இருந்தவர்கள். 2012-இல் அதே நிறுவனம் மனம் மாறி, மாட்டியும் தயாரிப்பாளர் டொண்டொன் மொண்டேவெர்டேயும் நடத்திவந்த ரியாலிட்டி என்டர்டெயின்மென்ட்டோடு கூட்டுத் தயாரிப்பாளராகச் சேர்ந்தது. டொண்டொன், ரீகல் பிலிம்ஸ் நிறுவனத்தை நிறுவி 'மதர் லிலி' என்று திரையுலகம் முழுக்க அழைக்கப்பட்ட லிலி மொண்டேவெர்டேயின் மகன். பெரிய நிறுவனத்தின் நட்சத்திரங்களும் சிறிய நிறுவனத்தின் துணிச்சலும் ஒரே படத்தில் அமைந்ததற்கு இந்தக் கூட்டே காரணம். மணிலாவில் 33 நாள் படப்பிடிப்பு, 47 மில்லியன் பெசோ செலவு. திரையில் தெரியும் கூட்டத்தையும் பரப்பையும் பார்ப்பவருக்கு இந்த எண்கள் நம்ப முடியாதவையாகத் தோன்றும்.

இயக்குநரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீக்ரோஸ் தீவைச் சேர்ந்த மாட்டி, அந்தத் தீவின் பக்கோலோட் நகரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த பெக்கே கல்லாகாவிடம் தொழில் கற்றவர். கல்லாகா 1985-இல் எடுத்த 'ஸ்கார்ப்பியோ நைட்ஸ்' படத்தின் இரண்டாம் பாகத்தை 1999-இல் இயக்கியவர் மாட்டிதான். அதன் பிறகு சிலந்தி மனிதன் வகை நகைச்சுவைப் படம், மாயாஜாலப் படம், சீன வம்சாவளிக் குடும்பக் கதை என்று கிடைத்த வகைகளில் எல்லாம் கை வைத்திருக்கிறார். 2012-இல் வந்த 'டிக்டிக்: த அஸ்வாங் கிரானிக்கிள்ஸ்' கிட்டத்தட்ட முழுவதும் பச்சைத் திரையின் முன் எடுக்கப்பட்ட பேய்ப்படம். எல்லாவற்றையும் செயற்கையாக உருவாக்கிய அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டிலேயே, வியர்வையும் புழுக்கமும் நெரிசலுமாக மணிலாவின் தெருக்களில் இறங்கி 'ஆன் த ஜாப்' எடுத்தவர் அவர் என்பதை நினைக்கும்போது, ஒரு வகைக்குள் அடங்காத தொழில்தேர்ச்சி என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

திரைக்கதையில் அவரோடு இணைந்த மிச்சிகோ யாமாமோட்டோவின் பெயரை வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது நியாயமில்லை. 2003-இல் வந்த 'மக்னிஃபிகோ' என்னும் சிறுவன் கதையும், 2005-இல் வந்த 'த பிளாஸமிங் ஆஃப் மாக்சிமோ ஒலிவெரோஸ்' படமும் அவர் எழுதியவை. இரண்டாவது படத்தில், சின்னச் சின்னத் திருட்டுகளில் பிழைக்கும் ஒரு சேரிக் குடும்பத்தின் பையன் நேர்மையான ஓர் இளம் போலீஸ்காரர்மேல் மனம் வைக்கிறான். குற்றம் செய்கிறவர்கள் வீட்டுக்குள் பாசத்தோடு சோறு பரிமாறுவதையும், சட்டம் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பதையும் யாரையும் பழிக்காமல் எழுதத் தெரிந்தவர் அவர். 'ஆன் த ஜாப்'பின் கொலையாளி வீட்டுக்குப் போகும் காட்சிகளில் அந்தக் கை தெரிகிறது. துப்பாக்கிச் சண்டைகள் மாட்டியுடையவை என்றால், அவற்றுக்கு நடுவே மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும் கணங்களில் யாமாமோட்டோவின் பங்கு பெரிது என்றே நான் எண்ணுகிறேன்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்டவர். மாரியோ மகாரி, அதாவது சிறையில் எல்லோரும் 'டாடாங்' என்று அழைக்கும் அந்த முதியவராக நடித்தவர் ஜோயல் டோரே. 'டாடாங்' என்பது தந்தையையோ தந்தை வயதுள்ள பெரியவரையோ அழைக்கும் சொல். நம் பேச்சில் 'பெரியவரே' என்பதைவிட நெருக்கமானது, 'அப்பா' என்பதைவிடச் சற்றுத் தள்ளி நிற்பது. டோரேயும் பக்கோலோட்காரர். 1982-இல் பெக்கே கல்லாகா எடுத்த 'ஓரோ, பிளாட்டா, மாட்டா' என்னும் பெரும் படத்தில் அறிமுகமானவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது நீக்ரோஸ் தீவின் இரண்டு பண்ணையார் குடும்பங்கள் காட்டுக்குள் ஓடிப் பிழைக்கும் கதை அது. தாயின் முந்தானைக்குள் வளர்ந்த, துப்பாக்கியைத் தொடத் தயங்கும் பணக்கார வீட்டுப் பிள்ளையாகத் தொடங்கி, போரின் கொடுமையைக் கண்டு கொலைக்குத் துணிந்தவனாக மாறும் வேடம் அவருக்கு. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து டாடாங்காக அவர் வரும்போது, அந்தப் பையனின் முதுமையைப் பார்ப்பதுபோல் பழைய ரசிகர்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த வேடங்களையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் வாழ்க்கையைச் சொல்லும் 1998-ஆம் ஆண்டுப் படத்தில், ரிசாலின் நாவல் நாயகனான இபார்ராவாக நடித்தார். அடுத்து மைக் டி லியோன் எடுத்த 'பயானிங் தேர்ட் வேர்ல்ட்' படத்தில் ரிசாலாகவே நடித்தார். அமெரிக்க இயக்குநர் ஜான் செய்ல்ஸ் 2010-இல் எடுத்த 'அமிகோ'வில், அமெரிக்கப் படைக்கும் சொந்த மக்களின் புரட்சிப் படைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் கிராமத் தலைவர் அவர். நாட்டின் மனசாட்சியாகக் கருதப்படும் மனிதராக நடித்த அதே முகம், கூலிக்குக் கொல்லும் கைதியின் முகமாகவும் வருகிறது. அந்நாட்டார் கண்ணுக்கு இது எப்படி உறைத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

படத்தின் தொடக்கக் காட்சியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக் கொண்டாடும் அருளப்பர் (திருமுழுக்கு யோவான்) திருநாள் கூட்டம். எங்கும் இசை, சிரிப்பு, நனைந்த உடம்புகள். அந்தக் கூட்டத்துக்குள் டாடாங் நடந்து போகிறார். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. சந்தைக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பத் தலைவரின் நடை அது. சுட்ட பிறகும் அந்த நடை மாறுவதில்லை. டோரே முகத்தில் எதையும் ஏற்றிக்கொள்ளாமல் தோளாலும் நடையாலும் நடிப்பதை இங்கேயே கண்டுகொள்ளலாம். தென்கொரியாவின் புச்சோன் திரைப்பட விழாவில் 2013-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் விருது இந்த வேடத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

அவரிடம் தொழில் கற்கும் இளைஞன் டேனியலாக வருபவர் ஜெரால்ட் ஆண்டர்சன். படத்தின் தலைப்புக்குள் ஒரு பொருள் ஒளிந்திருப்பதை இவர்கள் இருவரையும் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். கல்லூரி மாணவர்கள் நிறுவனங்களில் செய்யும் தொழிற்பயிற்சியைப் பிலிப்பைன்ஸில் எல்லோரும், ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'ஓஜேடி' என்று சொல்வார்கள். டேனியல் செய்வதும் அந்தப் பயிற்சிதான், கற்றுக்கொள்வது கொலை. ஆண்டர்சன் 2006-இல் 'பினாய் பிக் பிரதர்' நிகழ்ச்சியின் பதின்வயதினர் பதிப்பில் பங்கேற்று வெளிச்சத்துக்கு வந்தவர். நடிகை கிம் சியூவோடு காதல் இணையாகத் தொடர்களிலும் படங்களிலும் கொண்டாடப்பட்டவர். பெண் ரசிகைகள் செல்லமாகப் பார்த்த அந்த முகத்தை மாட்டி அழுக்கும் சிறைப் புழுக்கமும் படிந்த முகமாக்கி, பாராட்டுக்கு ஏங்கும் மாணவனாக ஆக்கியிருக்கிறார். காசு வந்ததும் செலவழித்துவிடத் துடிக்கும் அவனும், ஒவ்வொரு காசையும் மனைவிக்கும் மகளுக்கும் என்று ஒதுக்கும் டாடாங்கும் ஒரே சிறைக்குள் இருவேறு வாழ்க்கை வாழ்கிறார்கள். அந்த உறவு எங்கே போய் முடிகிறது என்பதை, இன்னும் படம் பார்க்காத பிறரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

சட்டத்தின் பக்கம் நிற்கும் இருவரின் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஜெனரல் பச்சேக்கோ என்பவரின் ஊழலுக்கு ஒத்துப்போகாததால் பதவி உயர்வே இல்லாமல் தேங்கிப்போன காவல்துறை சார்ஜென்ட் அக்கோஸ்டாவாக வரும் ஜோயி மார்க்கெஸ், உண்மையில் பிலிப்பைன்ஸ் மக்களைப் பல ஆண்டுகள் சிரிக்க வைத்தவர். 'பலிபாசா லலாகே' என்னும் நகைச்சுவைத் தொடரால் வீடுதோறும் அறியப்பட்ட அவர், 1995 முதல் 2004 வரை மணிலாவை ஒட்டிய பரனாக்கே நகரின் மேயராகவும் இருந்தார். அதிகாரத்தின் உள்ளறைகள் எப்படி இருக்கும் என்று நேரில் கண்டவர், அந்த அறைகளின் வாசலிலேயே நிறுத்தப்பட்ட போலீஸ்காரராக நடிக்கிறார். அவர் வாயிலிருந்து வரும் கசப்பான கிண்டல்களில் நகைச்சுவை நடிகரின் தாளமும் இருக்கிறது, நிறைய பார்த்துச் சலித்தவரின் களைப்பும் இருக்கிறது. படத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட, ஆனால் மிக உயர்ந்த நடிப்பு இவருடையது என்பேன்.

தேசியப் புலனாய்வுத் துறையின் வழக்கறிஞர் பிரான்சிஸ் கொரோனலாக நடித்த பியோலோ பஸ்குவால், ஸ்டார் சினிமாவின் மாபெரும் நட்சத்திரம். அழகுக்கும் காதல் படங்களுக்கும் பெயர்போனவர். ஆனாலும் 2002-இல் வந்த 'டெகாடா '70' படத்தில் சர்வாதிகாரி மார்கோஸ் காலத்துச் சித்திரவதைக்கு ஆளாகும் மகனாக நடித்து, தாம் வெறும் அழகர் இல்லை என்று முன்பே காட்டியவர். இங்கே அவருடைய அழகே கதைக்கு உதவுகிறது: மடிப்புக் கலையாத சட்டையும், நாடாளுமன்ற உறுப்பினரான மாமனாரும், வேகமான பதவி உயர்வும் கொண்ட ஒருவன், தான் அனுபவிக்கும் வசதிகள் எந்தக் குருதியால் வாங்கப்பட்டவை என்று மெல்ல மெல்லத் தெரிந்துகொள்வதைப் பார்க்க, நாம் நம்பிப் பழகிய ஒரு நாயக முகம் தேவைப்படுகிறது.

அந்த மாமனார் மன்ரிக்கேயாக வருபவர் மைக்கேல் டி மேசா. எட்டி மேசா, ரோஸ்மேரி ஹில் என்னும் கலைஞர் தம்பதியின் மகன் இவர்; இவருடைய தங்கை செரி ஹில், ஜோயல் டோரேயோடு 'ஓரோ, பிளாட்டா, மாட்டா'வில் நடித்தவர். செனட் தேர்தலில் நிற்கும் ஜெனரல் பச்சேக்கோவாக லியோ மார்ட்டினெஸ் நடித்திருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் ஊழல் அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் ஒரு கற்பனை நாடாளுமன்ற உறுப்பினராக வேடமிட்டு நாட்டையே சிரிக்க வைத்த நகைச்சுவையாளர். அதே மனிதர் சிரிப்பைத் துடைத்துவிட்டு, அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த உண்மையாகவே வந்து உட்காரும்போது, பழைய நகைச்சுவையின் நினைவு அச்சமாக மாறிவிடுகிறது. கொலைக்கு ஆள் அனுப்பும் இடைத்தரகர் தெல்மாவாக விவியன் வேலஸ், 1980-களில் கவர்ச்சி நாயகியாகப் புகழ்பெற்றவர். இங்கே கணக்குப் பார்த்துப் பணம் எண்ணும் நடுவயது முதலாளியம்மா. டாடாங்கின் மனைவி லுலெட்டாக ஏஞ்சல் அக்கினோ, கொரோனலின் மனைவியாக ஷைனா மக்டயாவ், அவருடைய உதவியாளராக ரேவர் குரூஸ் ஆகியோர் இருக்கிறார்கள். பெண் பாத்திரங்களுக்குத் திரைக்கதை இன்னும் இடம் தந்திருக்கலாம் என்பது என் குறை. ஏஞ்சல் அக்கினோவின் தயக்கம் நிறைந்த கண்களைப் பார்க்கும்போது, அந்த வீட்டுக்குள் நாம் இன்னும் சிறிது நேரம் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

திரைக்குப் பின்னால் நின்றவர்களில் தயாரிப்பு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சோமெஸை முதலில் சொல்வேன். அவரே ஓர் இயக்குநர். 2008-இல் ஹிலிகாய்னான் மொழியில் அவர் எடுத்த 'யங்காவ்' என்னும் பேய்ப்படத்தில் ஜோயல் டோரேயும் நடித்திருக்கிறார். 'ஆன் த ஜாப்'பின் சிறையைக் கவனியுங்கள். கம்பியும் வெற்றுச் சுவருமாக அது இல்லை. பலகையாலும் துணியாலும் தடுத்துக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், காசு இருப்பவனுக்கு ஒரு வசதி, இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நெரிசலான குடியிருப்பைப் போலவே அது அமைந்திருக்கிறது. காசுள்ள கைதிகள் தமக்கென்று கட்டிக்கொள்ளும் இத்தகைய குடிலைப் பிலிப்பைன்ஸ் சிறைகளில் 'குபோல்' என்பார்கள். வெளியே உள்ள மணிலாவும் உள்ளே உள்ள சிறையும் ஒன்றுபோல இருப்பதுதான் படத்தின் கருத்து. அதை ஒரு வசனமும் சொல்லாமல் சுவர்களே சொல்லிவிடுகின்றன.

ஒளிப்பதிவு பிரான்சிஸ் ரிக்கார்டோ புஹாய். கூட்டத்துக்குள் புகுந்து, ஆட்களின் தோளுக்குப் பின்னால் தொடர்ந்து செல்லும் அவருடைய கேமரா, நம்மைப் பார்வையாளராக ஒதுங்கி நிற்க விடுவதில்லை. படத்தொகுப்பாளர் ஜே ஹலிலியின் திறமைக்கு மருத்துவமனைக் காட்சி ஒன்றே போதும்: கொல்ல வந்தவர்களும் காக்க வந்தவர்களும் ஒரே கட்டடத்துக்குள், ஒருவரையொருவர் அறியாமல் நெருங்கி நெருங்கி வந்து, பிறகு துரத்தல் தெருவுக்குப் பாய்கிறது. இத்தனை பேர் இத்தனை திசைகளில் ஓடியும் யார் எங்கே இருக்கிறார் என்பதில் நமக்கு ஒரு கணமும் குழப்பம் வருவதில்லை. ஒலி வடிவமைப்பைச் செய்த கோரின் டி சான் ஹோசே ஒரு காட்சிக் கலைஞரும்கூட. இசையைப் பார்த்துக்கொண்ட எர்வின் ரோமுலோ, 'எஸ்குவயர்' இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்புக்கு ஆசிரியராக இருந்தவர். திரையிசைக்காரர் அல்லாத ஒருவரிடம் இசையைக் கொடுத்ததால், வழக்கமான அதிரடிப் படத்தின் முழக்கம் இல்லாமல், உள்ளூர் ராக் பாடல்களின் கரடுமுரடான குரல்கள் படத்துக்குள் வந்தன. எனக்கு அது படத்தை மணிலாவில் ஊன்றி நிறுத்தும் ஆணியாகவே படுகிறது.

படம் 2013 மே மாதம் கான் திரைப்பட விழாவை ஒட்டி நடக்கும் 'டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்' என்னும் பிரிவில் முதலில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 28 அன்று சொந்த நாட்டில் வெளியானது. அடுத்த மாதமே அமெரிக்காவிலும் வந்தது.

இதே குழுவின் அடுத்த வேலைகளையும் நீங்கள் பார்க்க வேண்டும். 2015-இல் மாட்டியும் யாமாமோட்டோவும் மறுபடி இணைந்து 'ஹானர் தை ஃபாதர்' எடுத்தார்கள். பணமோசடியில் சிக்கிய குடும்பத்தைக் காக்கப் போராடும் தந்தையாக ஜான் லாய்ட் குரூஸ் நடித்தார். 2018-இல் வந்த 'பைபஸ்ட்', போதைப்பொருள் வேட்டைக்குப் போன ஒரு போலீஸ் குழு மணிலாவின் சேரி ஒன்றுக்குள் ஓரிரவு முழுவதும் அடைபட்டுத் தவிக்கும் கதை. ஆன் கர்ட்டிஸ் என்னும் காதல் நாயகியை மாட்டி அங்கே மழையிலும் சேற்றிலும் சண்டையிட வைத்தார். அதிலும் தொகுப்பு ஹலிலிதான், இசையில் ரோமுலோவும் இருந்தார்.

'ஆன் த ஜாப்'பின் தொடர்ச்சியான 'த மிஸ்ஸிங் எயிட்' 2021-இல் வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைவான நீளம். காணாமற்போன பத்திரிகையாளர்களைப் பற்றிய கதை. மேயருக்கு வால்பிடித்துப் பேசியே பழகி, நண்பர்கள் மறைந்த பிறகு மனம் மாறும் வானொலிப் பேச்சாளர் சீசோய் சலாஸாக நடித்த ஜான் அர்சில்லா, அவ்விழாவின் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பையை வென்றார். 2015-இல் 'ஹெனரல் லூனா'வில் முன்கோபம் கொண்ட புரட்சித் தளபதியாக வந்து நாட்டையே கவர்ந்தவர் இவர்தான். கூலிக்குக் கொல்லும் கைதியாக இம்முறை டென்னிஸ் டிரில்லோ.

தேடும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். எச்பிஓ இந்த இரண்டு படங்களையும் சேர்த்து 2021-இல் ஆறு பகுதிகள் கொண்ட தொடராக வெளியிட்டது. அதன் முதல் இரண்டு பகுதிகள் நீங்கள் ஏற்கெனவே பார்த்த 2013-ஆம் ஆண்டுப் படம்தான். மூன்றாவதிலிருந்துதான் புதிய கதை தொடங்கும். அதற்கு முன்பாக, நேரம் கிடைத்தால், 'ஓரோ, பிளாட்டா, மாட்டா'வைத் தேடிப் பாருங்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியாமல் விழிக்கும் அந்த இளைஞனை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு டாடாங்கின் திருவிழாக் காட்சிக்குத் திரும்பி வாருங்கள்.